இருபத்து நான்கு அலகு

கால்டர்ஷா மலைமேல் என் கோபுரம்.
அதற்கு வாய்த்தது எண்ணூற்று அறுபத்து நான்கு அலகு.
கெஞ்சினாலும் அதற்கு மேல் ஒன்று கிடைக்காது.
பதினெட்டு நிலையங்கள், ஆளுக்கு நாற்பத்தெட்டு,
பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்:
எள் போட இடமில்லை.

பிப்ரவரி மழையில் ஷகுஃப்தா மிர்சா வந்தாள்.
ஈரக் குடையைக் கதவோரம் சாய்த்தாள்.
கையில் முப்பது நாள் உரிமம்.
"நோன்பு மாதத்துக்கு மட்டும் ஒரு வானொலி.
எங்கள் பிள்ளைகளின் காரில் எல்லாம் டிஜிட்டல்தான்.
கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்."
பேருந்தில் சொல்வதுபோல் சொன்னாள்.

தள்ளி உட்கார வைத்தேன்.
கௌபாய்ப் பாட்டு நிலையத்திடம் பன்னிரண்டு,
பித்தளை பேண்டு நிலையம் நடத்தும்
டென்ஸில் அக்ராய்டிடம் பன்னிரண்டு.
ஆக இருபத்து நான்கு.
நொடிக்கு முப்பத்திரண்டு கிலோபிட், மோனோ.
ஒரு குரல் உட்கார ஒரு முக்காலி;
சாய்ந்துகொள்ள முடியாது.

அக்ராய்ட் அன்றிரவே அழைத்தார்.
"என் தாளத்தட்டு வெங்காயம் வதங்குகிற மாதிரி கேட்கிறது."
ஆமாம் என்றேன்.
மேல் சுரங்களை நாங்கள் முழுசாய் அனுப்புவதே இல்லை.
இங்கே ஏதோ மினுங்கியது என்று ஒரு சீட்டு அனுப்புவோம்,
மீதியைப் பெட்டி ஊகித்துக்கொள்ளும்.
இப்போது சீட்டும் சின்னதாகிவிட்டது.
"ஊகமா?"
முப்பத்தோரு வருடம் தாளம் தட்டியவர்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"வாடகை குறையுமா?"
குறையும்.
"சரி, வதங்கட்டும்."

ஹாஃபிஸ் தபாரக்
பகலில் பணிமனையில் பேருந்துக்கு பிரேக் மாற்றுகிறவர்.
முதல் இரவு தான் ஓதியதைக்
காருக்குள் உட்கார்ந்து கேட்டார்.
"எழுத்தெல்லாம் இருக்கிறது.
மூச்சு எங்கே?"

வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே
அவர் இழுக்கும் காற்று
இயந்திரத்துக்கு வெறும் இரைச்சல்.
மூட்டையைச் சின்னதாக்கச் சொன்னால்
அதைத்தான் முதலில் வீசும்.

ஒரு வழி இருந்தது.
பிழை திருத்தும் காவலைக் குறைத்தால்
அதே இருபத்து நான்கில்
நாற்பத்தெட்டு கிலோபிட் அடங்கும்.
மூச்சு திரும்பி வரலாம்.
ஆனால் பள்ளத்தின் அடியில், ஓடைத் தெருவில்,
குரல் அறுந்து அறுந்து குமிழிடும்.
வரைபடத்தை விரித்தேன்.
ஷகுஃப்தாவின் விரல் அங்கேயே நின்றது.
பதினோரு வீடு.

யாரும் முடிவு என்று எதையும் சொல்லவில்லை.
மறுநாள் தபாரக்
மைக்கிடம் ஒரு சாண் நெருங்கி உட்கார்ந்தார்.

இன்னொன்று, தாமதம்.
ஸ்டூடியோவில் எழும் பாங்கு
சமையலறைக்குப் போக நான்கு நொடி.
மாலையில் பாதகமில்லை,
பேரீச்சம்பழம் விரலிடையே இன்னும் நான்கு நொடி இருக்கும்.
விடியலில்தான் வம்பு:
கடைசி மிடறு தொண்டையில் இறங்குகையில்
நேரம் முடிந்து போயிருக்கும்.
ஷகுஃப்தா அந்த அறிவிப்பைப் பத்து நொடி முன்னே நகர்த்தினாள்.
நான்கு நொடி என் கோபுரத்துக்கு.
ஆறு நொடி என்மேல் அவளுக்குள்ள நம்பிக்கைக்கு.

இருபத்தொன்பதாம் மாலை ஃபோன் மேல் ஃபோன்:
பிறை தெரிந்துவிட்டதாம்.
உரிமத்தில் இன்னும் ஒரு நாள் மிச்சம்.
பெருநாள் முழுக்கப் பிள்ளைகள் மைக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.
ஒருவன் தன் புதுச் செருப்பின் அளவை
மூன்று முறை ஊருக்கு அறிவித்தான்.
முப்பத்திரண்டு கிலோபிட்
அதற்குத் தாராளமாய்ப் போதுமாக இருந்தது.

நள்ளிரவில் ஸ்டூடியோ அணைந்தது.
பன்னிரண்டே காலுக்கு அக்ராய்ட்:
"இன்னும் வதங்குகிறதே?"
காலையில் மாற்றுகிறேன் என்றேன்.

அன்றிரவு மட்டும்
பெட்டிகளின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது.
தேர்ந்தெடுத்தால் ஒலி இல்லை.
இருபத்து நான்கு அலகு நிறையப் பூஜ்யம்,
முழுக் காவலோடு,
ஓடைத் தெருவின் பதினோராவது வீடு வரை
ஒரு பிழையும் இல்லாமல்.